39 நாள் படையில், மீதி நாள் வீட்டில்: ரிசர்வ் வீரரின் உடம்பை யார் பார்ப்பது?

அமெரிக்காவின் ஆர்மி ரிசர்விலும் நேஷனல் கார்டிலும் இருப்பவர்கள் வழக்கமாக மாதம் ஒரு சனி ஞாயிறும், வருடத்தில் இரண்டு வாரமும் பயிற்சிக்கு வருவார்கள். கூட்டிப் பார்த்தால் சுமார் 39 நாள். மற்ற நாட்களில் ஒருவர் லாரி ஓட்டுவார், இன்னொருவர் பள்ளியில் பாடம் எடுப்பார். விடியற்காலையில் எழுப்பி ஓடவைக்க யாரும் இல்லை. தானாக ஓடினாலும் பொதுவாக அதற்குச் சம்பளம் கிடையாது.

ராணுவம் பெரிதும் நம்புவது உடற்தகுதித் தேர்வைத்தான். 2025 ஜூனில் வந்த புதிய தேர்வில் ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 60, மொத்தம் 300 எடுக்க வேண்டும். போர்ப் பணிகள் பலவற்றுக்கு 350. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது இதன் பலம். ஆனால் ரிசர்வ் வீரருக்கு இது வருடம் ஒருமுறை வந்தாலே போதும். அப்புறம் என்ன, பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் திறக்கும் பிள்ளை கதைதான். உடல் கொழுப்பைக் கணக்கிட இடுப்பை அளக்கும் நாள் நெருங்கினால் சாப்பாட்டை நிறுத்துகிறவர்களும் உண்டு. பழைய தேர்வு தண்டால், சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம் என்று தெருவிலேயே பழகக்கூடியதாக இருந்தது. இப்போது 41 கிலோ சறுக்குப் பலகையை இழுக்க வேண்டும். அதை வீட்டில் யார் வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு வழி, 2020இல் கையேடாக வந்த ஹோலிஸ்டிக் ஹெல்த் அண்ட் ஃபிட்னஸ் திட்டம். உடல், உணவு, தூக்கம், மனம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்தது. பயிற்சியாளர், உணவு நிபுணர், பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு குழுவே படைப்பிரிவோடு இருக்கும். முகாமிலேயே குடியிருப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பல மணி நேரம் கார் ஓட்டி வருகிற ரிசர்வ் வீரரின் இரண்டு நாளைப் படிவங்களும், தடுப்பூசியும், துப்பாக்கிப் பயிற்சியும் தின்றுவிடும். உணவு நிபுணர் பக்கத்து அறையில் இருந்தும் பயனில்லை.

எனவே என் ஓட்டு தொலைபேசிக்கு. வெறும் செயலி அல்ல. அதைப் பத்து நாளில் மறந்துவிடுவோம். மறுமுனையில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஆள் வேண்டும். அலாஸ்காவில் பெத்தெல் என்ற ஊருக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. பச்சைக் காய்கறி விமானத்தில் வர வேண்டும், விலையும் அதற்கேற்ப. அங்கே இருப்பவரிடம் "தினமும் கீரை சாப்பிடு" என்று அச்சடித்த தாளை நீட்டி என்ன ஆகும்? பேசுகிற ஆளாக இருந்தால், "ஃப்ரீசரில் என்ன இருக்கிறது?" என்று முதலில் கேட்பார். சால்மன் மீன் இருக்கிறதா, சரி, உறைந்த காய்கறியை வைத்து அதிலிருந்து தொடங்குவோம் என்பார். இதிலும் ஒரு சிக்கல்: போனை எடுக்காதவரை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தேர்வை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் இல்லையென்றால் பலர் போனை எடுக்கவே மாட்டார்கள்.

இந்த மூன்றையும் யோசிப்பதற்கு முன்னால், கையில் இருக்கிற அந்த இரண்டு நாள் சாப்பாட்டைச் சரிசெய்யலாம். எம்ஆர்இ என்பது சமைக்காமலே பிரித்துச் சாப்பிடும் ராணுவ உணவுப் பொட்டலம்; ஒன்றில் சராசரியாக 1,250 கலோரி. மூட்டை சுமந்து மலை ஏறுபவருக்காக அளந்த உணவு அது. அதையே நாள் முழுக்க வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கையிலும் கொடுக்கிறார்கள்.