நான்கு மஞ்சள் கோடுகள்: ஏர்சைடு ஓட்டுநர் பர்மிட் பயிற்சி குறித்து ஒரு மதிப்பீடு

சாலையில் பதினைந்து ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் என்ற தைரியத்தில்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் நாள் காலையிலேயே பயிற்றுநர் அந்தத் தைரியத்தில் கை வைத்தார். "சாலையில் உங்களுக்கு முன்னுரிமை கிடைக்கிற இடங்கள் உண்டு சார், இங்கே விமானத்துக்கு எதிரில் அப்படி ஓர் இடம்கூடக் கிடையாது," என்றார். விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, 'ஏர்சைடு' எனப்படும், விமானங்கள் நடமாடும் பகுதியில் வண்டி ஓட்டுவதற்குத் தனி பர்மிட் வேண்டும். நம்மிடம் உள்ள சாதாரண உரிமம் அதற்கு விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. பயிற்சி தந்த நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

பாடங்களின் முதல் பகுதி கணினித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஓடுபாதையின் குறியீடுகள் வெள்ளை நிறத்திலும், விமானங்கள் ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே சென்றுவரும் பாதையான டாக்சிவேயின் குறியீடுகள் மஞ்சள் நிறத்திலும் இருக்கும் என்பதில் தொடங்கி, இரவில் டாக்சிவேயின் ஓரத்தில் நீல விளக்குகளும் நடுக்கோட்டில் பச்சை விளக்குகளும் எரியும் என்பதுவரை, படங்களோடு பொறுமையாக விளக்குகிறார்கள். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அனுமதியில்லாமல் அதைத் தாண்டக் கூடாது; கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நாம் நிற்கும் இடத்தையும், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து எந்தப் பக்கம் எது இருக்கிறது என்பதையும் சொல்லும். இந்த நிறங்கள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பில் வகுக்கப்பட்டவை என்பதால் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. நிறங்களைப் பிரித்தறியும் கண் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே நடத்திவிடுவது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கொடுத்த கட்டணம் முழுவதும் தகும் என்று நான் நினைப்பது நேரடி ஓட்டப் பயிற்சிக்குத்தான். பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்த ஓர் ஓடுபாதையின் முகப்பில் வண்டியை நிறுத்தச் செய்து, பயிற்றுநர் என்னைக் கீழே இறங்கச் சொன்னார். தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே ஓடின. எங்கள் பக்கம் இரண்டு முழுக்கோடுகள், ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டு வரையப்பட்ட கோடுகள். பெயின்ட்டில் தூவியிருந்த கண்ணாடி மணிகள் வண்டியின் முகப்பு விளக்கில் பொடிப்பொடியாக மின்னின. முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் நின்று அனுமதி கேட்க வேண்டும், விட்ட கோடு நம் பக்கம் இருந்தால் நாம் ஓடுபாதையிலிருந்து வெளியேறிக் கொண்டிருக்கிறோம், எனவே நிற்காமல் தாண்ட வேண்டும் என்பது திரையில் பார்த்தபோது மிக எளிதாகத்தான் தெரிந்தது. ஆனால் திரும்பி வரும்போது, முன்சக்கரங்கள் கோட்டைத் தாண்டியதுமே பிரேக்கை மிதித்து, ஓடுபாதையை விட்டு வெளியேறிவிட்டதாக ரேடியோவில் சொல்ல மைக்கை எடுத்துவிட்டேன். அவர் பேசாமல் பின்காட்டிக் கண்ணாடியைச் சுட்டிக்காட்டினார். "தலை வெளியே வந்துவிட்டது, வால் இன்னும் உள்ளே இருக்கிறது." வண்டி முழுவதும் கோட்டைத் தாண்டிய பிறகே வெளியேறியதாகக் கணக்கு என்ற விதி அதற்குப் பிறகு எனக்கு மறக்கவில்லை.

விமானங்கள் நிற்கும் ஏப்ரன் பகுதியிலும் இதே அக்கறையைக் கண்டேன். விமானத்தின் வயிற்றிலும் முதுகிலும் சிவப்பு விளக்கு சிமிட்டினால் இயந்திரம் ஓடுகிறது அல்லது ஓடத் தொடங்கப் போகிறது என்று பொருள்; அதன் பின்னால் போகவே கூடாது. ஒரு முறை பாதையில் கிடந்த சிறு திருகாணியைக் கண்டதும் பயிற்றுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 2000ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் இறந்ததற்கு, வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஓர் உலோகப் பட்டைதான் தொடக்கம் என்பதை அவர் சொல்லி முடித்தபோது, அந்தத் திருகாணி சின்னதாகத் தெரியவில்லை.

என் குறை ரேடியோ பாடத்தைப் பற்றியது. வாகனம் ஓடுபாதைக்குள் தவறாக நுழையும் ஆபத்தில் பெரும்பங்கு பேச்சிலும் காதிலும்தான் இருக்கிறது. அதற்கு இவர்கள் ஒதுக்கியது ஒரே ஒரு பிற்பகல். 'ஹோல்ட் ஷார்ட்' (ஓடுபாதைக்குள் நுழையாமல் முன்னாலேயே நில்) என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னால், எந்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை நம் வாகனத்தின் அழைப்புப் பெயரோடு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே 'ராஜர்' (சொன்னது கேட்டது) என்றால் செல்லாது. பயிற்றுநரே கோபுரமாகப் பேசிய ஒத்திகையில் நான் இரண்டு முறை 'ராஜர்' என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். மூன்றாவது முறை சரியாகச் சொன்னவுடன் பாடம் முடிந்தது என்றார்கள். உண்மையான அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல குரல்கள் வந்து போகும்போது நமக்கான அழைப்பை மட்டும் பிரித்துக் கேட்பது தனிப் பழக்கம். அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. 2022 நவம்பர் 18 அன்று லிமா விமான நிலையத்தில், கோபுரத்தின் அனுமதியின்றி ஓடுபாதைக்குள் வந்த தீயணைப்பு வாகனத்தின்மீது, மேலெழப் பாய்ந்துகொண்டிருந்த பயணிகள் விமானம் மோதியது; விமானத்தில் இருந்தவர்கள் தப்பினர், தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். அந்த வாகனத்தில் சென்றவர்கள் விமான நிலையத்துக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுக்கே நேர்ந்தது என்றால், ஒரு பிற்பகலில் பயின்றவனின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

ரேடியோ பழுதானால் கோபுரம் காட்டும் விளக்குச் சைகைகளை மட்டும் நன்றாகப் பழக்கினார்கள். நிலைத்த சிவப்பு நில் என்று சொல்லும். சிமிட்டும் சிவப்பு, விலகிப் போய் விமானத்தைக் கவனி என்று சொல்லும். சிமிட்டும் பச்சை, கடக்க அனுமதி தரும். சிமிட்டும் வெள்ளை வந்தால் அந்தப் பகுதியை விட்டே வெளியேற வேண்டும். வண்ணத்தாள் ஒட்டிய டார்ச்சை வைத்து இருட்டறையில் அரை மணி நேரம் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்; சலிப்பாக இருந்தாலும் பலன் தந்தது.

இரவு ஓட்டம் ஒரே முறைதான். மூடுபனியில் ஓட்டுவது பற்றி ஒரு படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 2001 அக்டோபர் 8 அன்று மிலனின் லினாட்டே விமான நிலையத்தில் பனிமூட்டத்துக்குள் ஒரு சிறு விமானம் தவறான டாக்சிவேயில் போய் ஓடுபாதைக்குள் நுழைந்ததால் 118 பேர் இறந்தார்கள் என்பதை அறிந்தவர்கள், இந்தப் பகுதியை இவ்வளவு சுருக்கியிருக்கக் கூடாது.

தேர்வு நியாயமாகவே இருந்தது. எழுத்துத் தேர்வில் மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்விகளோடு, அந்த விமான நிலையத்தின் வரைபடத்தைக் கொடுத்து, குழப்பம் தரும் சந்திப்புகளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஏப்ரனுக்கு மட்டுமான பர்மிட் போதும் என்பவர்கள் இங்கே தயங்காமல் சேரலாம். டாக்சிவேயிலும் ஓடுபாதையிலும் ஓட்ட வேண்டியவர்கள், பணம் கட்டும் முன்பே ரேடியோ ஒத்திகை எத்தனை மணி நேரம், இரவு ஓட்டம் எத்தனை முறை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை, இப்போது அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மைக்கைத் தொடாமல், வெறும் காதால் பழகிக்கொண்டிருக்கிறேன்.