அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி: குளிர்காலமே வராத கிரேக்கம்

2018-ல் வந்த இந்த கேமை வெளிச்சத்துக்காகவே விளையாடலாம். கெஃபலோனியா தீவில் இறங்கியதுமே கடல், பாறை, ஆலிவ் மரம் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. உயரமான சிலை எதிலாவது ஏறி நின்றால் அடுத்து எங்கே போகலாம் என்பது வெகுதூரம் வரை தெரிகிறது, இவ்வளவு பெரிய வரைபடம் உள்ள கேமுக்கு அது தேவையும்கூட. சிலைகளுக்கும் கோயில்களுக்கும் வண்ணம் பூசியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய கிரேக்கம் என்றாலே வெள்ளைப் பளிங்கு என்ற பழக்கத்தைத் துணிந்து விட்டிருக்கிறார்கள்.

வெயிலை மட்டும் ஏன் விடவில்லை? இரவு வருகிறது, மழையும் பெய்கிறது, ஆனால் சீக்கிரமே பழைய நீல வானம் திரும்பிவிடுகிறது. கதை கி.மு. 431-ல், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போர் தொடங்கும்போது ஆரம்பித்துப் பல வருஷம் ஓடுகிறது, ஆனால் பருவம் மாறுவதே இல்லை. இதே போரின் வரலாற்றை எழுதிய பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஒவ்வொரு வருஷத்தையும் கோடை, குளிர்காலம் என்று பிரித்துத்தான் சொல்கிறார். அவர் சொல்வதில், முற்றுகையில் சிக்கிய பிளாட்டியா நகர வீரர்கள் நிலவில்லாத, மழையும் காற்றுமான ஒரு இரவுக்காகக் காத்திருந்து, சேற்றில் வழுக்காமல் இருக்க இடது காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு மதிலேறித் தப்புகிறார்கள். வெளி அகழியில் சரியாக உறையாத பனிக்கட்டி, மேலே லேசான பனிப்பொழிவு, கடைசியில் 212 பேர் ஏதென்ஸ் போய்ச் சேர்கிறார்கள். ஒளிந்து நடப்பதையே அடிப்படையாகக் கொண்ட ஒரு கேம் வரிசைக்கு இதைவிட நல்ல இரவு எங்கே கிடைக்கும்?

இந்த ஓயாத வெயிலுக்கு, நாம் பார்க்கிற இடிபாடுகளுக்குக் கூரை இல்லாததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்ததில் ஏதென்ஸில் உள்ள பார்த்தினன் கோயிலின் கூரை போனது. அதற்கு முன்பு உள்ளே இருந்த இருட்டு நம் யாருக்கும் தெரியாது. மிச்சம் இருக்கும் தூண்களைப் பெரும்பாலும் கோடைச் சுற்றுலாப் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். 19-ம் நூற்றாண்டில் அல்மா-டடெமா போன்ற ஓவியர்கள் பளிங்கையும் நீலக் கடலையும் வெயிலில் வரைந்தார்கள், ஹாலிவுட் அதையே எடுத்துக்கொண்டது, அப்புறம் இத்தாலி, ஸ்பெயின், மொராக்கோ என்று வெயிலை நம்பிப் படம் பிடிக்க முடிகிற இடங்களுக்கே போனது. கேம்கள் கூரையைத் திரும்பப் போட்டாலும் கோயில் உள்ளே ஒவ்வொரு மூலையும் தெளிவாகத் தெரிகிறது. எண்ணெய் விளக்கு மட்டும் இருந்த காலத்தில் அப்படி இருந்திருக்காது.

இதே வரிசையில் 2020-ல் வந்த வல்ஹல்லாவில், 9-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போனதும் மூடுபனியும் சாம்பல் வானமும் வந்துவிடுகின்றன. கிரேக்கம் இங்கிலாந்தைவிட வெயில் நிறைந்த நாடுதான், சரி. ஆனால் ஏதென்ஸிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம் உண்டே!

இத்தனைக்கும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன், இவ்வளவு பெரிய பழைய கிரேக்கத்தில் நடந்து திரிய வேறு வழி இல்லை. சண்டை வேண்டாம் என்பவர்கள் 2019-ல் வந்த, இதே கிரேக்கத்தைச் சண்டையில்லாமல் சுற்றிப் பார்க்கிற டிஸ்கவரி டூரிலிருந்து தொடங்கலாம்.