பாளையங்கோட்டை இயற்கை அங்காடி: சரக்கு நல்லாருக்கு, ஸ்டிக்கர்தான் சரியில்ல

பாளையங்கோட்டையில நான் வழக்கமா சாமான் வாங்குத இயற்கை அங்காடியப் பத்தி எழுதுதேன். கடை பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற கொற இவிய கடையில மட்டும் இல்ல, இப்ப இந்த மாதிரி கடை நெறைய எடத்துல இதேதான் நடக்கு.

மொதல்ல சரக்கு. அம்பை 16 அரிசி அருமை, குண்டு குண்டா இருக்கும், ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலைல பழைய சோறு கொழையாம நிக்கும். உடன்குடி கருப்பட்டிய ஒடச்சுப் பாத்தா உள்ள வரைக்கும் ஒரே நெறம். செக்கு நல்லெண்ணெயும் நல்லாருக்கு, வெல மட்டும் கொஞ்சம் கூடத்தான். வெள்ளக் கத்தரிக்கா வரத்து இருக்க அன்னைக்கு காலைலயே போயிரணும், காம்புக்குக் கீழ சின்னதா ஓட்ட இருக்கும், வெட்டுனா புழு போன வழி கருப்பா ஒரு கோடு மாதிரி தெரியும், அத மட்டும் சீவி எறிஞ்சிட்டு மிச்சத்த கொழம்புல போட்டா வெண்ணெய் மாதிரி வெந்துரும்.

இப்ப கொறைக்கு வாரேன். கொஞ்ச நாளா கடையில எல்லாத்து மேலயும் பச்சக்கலர்ல "மரபணு மாற்றம் செய்யப்படாதது"ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருக்காவ. அரிசி, மஞ்சப்பொடி, உளுந்து, கல்லுப்பு வரைக்கும். உப்புக்கு மரபணுவே கெடையாது. நம்ம நாட்டுல வெவசாயிய பயிர் பண்ண அனுமதி இருக்க ஒரே மரபணு மாத்துன பயிர் பருத்திதான், அது 2002ல வந்துச்சு. அரிசியிலயோ மஞ்சள்லயோ அப்படி ஒண்ணுக்கு அனுமதியே வரல, அப்ப இந்த ஸ்டிக்கர் யாருக்கு என்ன சொல்லுது?

ஆனா ஜனங்க பயம் உண்மையானது. கடையில நின்னா காதுல விழும். ஒரு மயினி ரெட் லேடி பப்பாளியக் காட்டி "இது ஜிஎம்முல்லா, பிள்ளையளுக்கு குடுக்கலாமா"ன்னு கேக்காவ (ஜிஎம்னா மரபணு மாத்துனது), இன்னொருத்தர் வெத இல்லாத திராட்சைய சொல்லுதாரு, கடைக்கார அண்ணாச்சியும் ஆமாம்மான்னு தலையாட்டிருதாவ. ரெட் லேடி தைவான்ல இருந்து வந்த ஹைப்ரிட், ரெண்டு ரகத்த மகரந்தம் சேத்து எடுத்தது. அம்பை 16-ம் அப்படி ரெண்டு நெல்ல சேத்து 1986ல நம்ம அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நெலையத்துல வெளியிட்டதுதான். ஹைப்ரிட்டு வேற, வேற உயிர்ல இருந்து ஜீன எடுத்து வைக்கது வேற. விக்கிறவிய இத எடுத்துச் சொல்லணும், பயந்தா நல்லா விக்கும்னு சும்மா இருக்கக்கூடாது.

எனக்கு மனசு வலிச்சது பருத்திப்பால் பொடி பாக்கெட்டுலதான். அதுலயும் அதே பச்ச ஸ்டிக்கர். நம்ம நாட்டுப் பருத்தி வெளச்சல்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல பிடி பருத்தி, காய்ப்புழுவக் கொல்லுத பாக்டீரியாவோட ஜீன் அந்தக் கொட்டையிலயும் இருக்கும்.

"அண்ணாச்சி, இந்தக் கொட்ட எங்க இருந்து வருது?"

"விருதுநகர் பக்கம் ஒருத்தர் குடுக்காரு தம்பி, எல்லாம் நாட்டுப் பருத்திதான்."

"கருங்கண்ணி ரகமா?"

"அது நமக்குத் தெரியாதுல்லா, அவரு சொன்னாரு."

கோவில்பட்டி கரிசல்ல கருங்கண்ணி போட்ட காலம் உண்டு, இப்பவும் சிலபேரு போடுதாவ, அவியகிட்ட வாங்குனா அந்த ஸ்டிக்கருக்கு ஒரு அர்த்தம் இருக்கும். கேக்காமலே ஒட்டுனா எப்படி? உப்புல ஒட்டுனது வீண், இதுல ஒட்டுனது ஏமாத்து. பருத்திக்கொட்ட எண்ணெய் மிக்சர் பாக்கெட்டுலயும் சிப்ஸ் பாக்கெட்டுலயும் வருது, பிரேசில் அர்ஜென்டினாவுல இருந்து வார சோயா எண்ணெய்யும் பெரும்பாலும் மரபணு மாத்துன சோயாதான். சுத்திகரிச்ச எண்ணெய்யில அந்த ஜீனோ புரதமோ அனேகமா மிஞ்சாதுங்கிறதும் நெசம், அதையும் சேத்தே சொல்லணும். ஜிஎம் சாமான்னா பாக்கெட்டு மேல ஜிஎம்-னு போடணும்னு 2013லயே விதி வந்துட்டு, எந்த எண்ணெய் பாக்கெட்டுலயும் நான் பாத்ததில்ல.

இத நான் இவ்வளவு தூரம் பேசுததுக்கு அந்த வெள்ளக் கத்தரிக்காயும் காரணம். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1-ங்கிற கத்தரி ரகமும் இதே மாதிரி பால் வெள்ளைக் காய்தான், அதுலயும் பிடி ஜீன கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல வச்சாவ. 2009 அக்டோபர்ல பிடி கத்தரிக்காய்க்கு அனுமதி குழு சரின்னுட்டு, பெறவு அப்ப மத்திய சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்ல மக்கள்கிட்ட கருத்து கேட்டு 2010 பிப்ரவரியில நிறுத்தி வச்சாரு. அந்த ஏழுல தமிழ்நாட்டு ஊரு ஒண்ணுகூட இல்ல, கத்தரிக்கா மட்டும் நம்ம கத்தரிக்கா. பங்களாதேஷ்ல 2014ல இருந்து போடுதாவ. மருந்தடிச்சு அடிச்சு நொந்துபோன வெவசாயிக்கு அது வேணும்னு தோணுனா நான் தப்பு சொல்லமாட்டேன், ஆனா திங்கப்போற எனக்கு தெரிஞ்சு திங்கணும். அதுக்குத்தான் லேபிள், அது பொய்யாப்போனா நாளைக்கு நெசமாவே ஒண்ணு வரும்போது யாரு நம்புவா?

அண்ணாச்சிகிட்ட நேர்லயும் சொல்லிட்டேன், பச்ச ஸ்டிக்கர எடுத்துட்டு எந்த ஊரு, என்ன ரகம், யாரு வெளவிச்சதுன்னு எழுதி ஒட்டுங்கன்னு. பாப்போம்னாவ. அதுவரைக்கும் அரிசி, கருப்பட்டி, நல்லெண்ணெய், கத்தரிக்கா தைரியமா வாங்குங்க, பருத்திப்பால் பொடி மட்டும் கொட்ட எங்க வாங்குனதுன்னு பதில் வந்த பெறவு வாங்கிக்கிடலாம். அஞ்சுக்கு மூணு ஸ்டார்.