கொதிக்காத மூன்றாவது பாத்திரம்: விறகில் மேப்பிள் பாகு காய்ச்சிய ஐந்து பருவங்கள்

மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்ச வீட்டுக்குப் பின்னால் நானே கட்டிய விறகு அடுப்பின் முன்பக்கத்தில் வெடித்துப்போயிருந்த நான்கு சீமெந்துக் கற்களைச் சென்ற வாரம் மாற்றி முடித்தேன். அன்று மாலையே நண்பர் ஒருவர் அழைத்தார். அவருடைய வளவில் பதினெட்டு மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. தானும் இப்படியோர் அடுப்பைக் கட்டலாமா, அல்லது கடையில் இப்போது விலை குறைத்து விற்கும் சிறிய அடுப்பொன்றை வாங்கிவிடலாமா என்பது அவருடைய கேள்வி. நான் தொலைபேசியில் சொன்ன பதிலில் அன்றைய களைப்பும் கலந்திருந்தது என்று பிறகு தோன்றியதால், ஐந்து பருவங்களாக இந்த அடுப்போடு பட்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

அமைப்பு பலரும் அறிந்ததுதான். நாங்கள் இருப்பது ஒன்ராறியோவின் லானார்க் பகுதியில். மேப்பிள் பாகுக்குப் பெயர்பெற்ற இந்த வட்டாரத்தில் சிறிய அளவில் காய்ச்சுகிறவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சீமெந்துக் கற்களால் இரண்டு பக்கச் சுவர்கள், உள்ளே தீ தாங்கும் செங்கல், மேலே ஆங்கிள் இரும்புச் சட்டம், அந்தச் சட்டத்தில் விளிம்பு பதிந்து தொங்கும்படி, விருந்து மண்டபங்களில் சோறு கறியைச் சூடாக வைத்திருக்கும் எவர்சில்வர் செவ்வகப் பாத்திரங்கள் மூன்று, பின்முனையில் புகைக்கூடு. ஒவ்வொரு பாத்திரமும் 53க்கு 32.5 சென்ரிமீற்றர். சாறு எடுக்க நான் குழாய் அடிக்கும் மரங்கள் இருபத்து நான்கு. இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் ஒழுங்காக அமைந்த ஆண்டில் 900 லீற்றர் வரை சாறு கிடைக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 21 லீற்றர் பாகு.

முன்னால் இருக்கும் பாத்திரம் முதல் நாளிலிருந்தே குமுறிக் கொதிக்கிறது. நடுவில் இருப்பதையும் குறை சொல்ல முடியாது. புகைக்கூட்டை ஒட்டி இருக்கும் மூன்றாவது பாத்திரம்தான் கொதிப்பதில்லை. ஐந்து ஆண்டுகளாக நான் இந்த அடுப்பில் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் அந்த ஒரு பாத்திரத்துக்காகவே செய்தது. இன்றுவரை அது எனக்கு முழுதாக இணங்கவில்லை.

முதல் பருவத்தில், மார்ச் மாதத்து இரவொன்றில், பதினொரு மணிக்கு மேல் அடுப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். புகைக்கூட்டின் அடிப்பகுதி இருட்டில் மங்கலாகச் சிவந்திருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்த மூன்றாவது பாத்திரத்தில் சாறு அசையாமல் கிடந்தது. மேலே மெல்லிய ஆவி மட்டும் படர்ந்தது, விரலை ஒரு நொடி வைத்து எடுக்க முடிந்தது. நான் வெட்டி, பிளந்து, ஓர் ஆண்டு முழுவதும் உலர்த்திய விறகின் சூடு பாத்திரத்தைத் தொடாமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

காரணம் என் கட்டுமானத்தில்தான் இருந்தது. அடுப்பின் தரையை முன்னிருந்து பின்வரை ஒரே மட்டத்தில் வைத்திருந்தேன். தீ எரியும் இடத்தில் பாத்திரத்துக்குக் கீழே 35 சென்ரிமீற்றர் ஆழம் வேண்டும், அது சரி. ஆனால் தீயைத் தாண்டியதும் தரை சரிவாக மேலேறி, பாத்திரத்தின் அடியை நெருங்கியபடி பின்முனைவரை போக வேண்டும். அப்போதுதான் சுவாலை பாத்திரத்தின் அடியை நக்கிக்கொண்டு போகும். தரை தாழ்ந்திருந்தால் சூடான காற்று அகலமான வெற்றிடத்தின் நடுவே ஓடிப் புகைக்கூட்டுக்குள் நுழைந்துவிடும். இரண்டாம் ஆண்டு பின்பகுதியை மணலால் நிரப்பி, மேலே செங்கல் பரப்பி, பாத்திரத்துக்கும் செங்கலுக்கும் இடையே 2 சென்ரிமீற்றர் விட்டேன். அது போதாமல், புகை கதவு வழியாக முகத்தில் அடித்தது. ஒரு வரிசைச் செங்கலை எடுத்து, இடைவெளியை 4 சென்ரிமீற்றராக்கிய பிறகுதான் அடுப்பு மூச்சுவிடத் தொடங்கியது. முதலாண்டில் மணிக்கு 9 லீற்றர் நீரை ஆவியாக்கிய அடுப்பு, இந்த ஒரு மாற்றத்தால் 14 லீற்றரைத் தொட்டது. அந்த இரவு எனக்கு உண்மையாகவே திருவிழாவாக இருந்தது.

ஆனாலும் மூன்றாவது பாத்திரம் முழுக் கொதிக்கு வரவில்லை. புதிய சாற்றை நான் அதில்தான் ஊற்றுகிறேன். வேறு வழியில்லை, பின்னாலிருந்து முன்னால் வரவர இனிப்பு ஏற வேண்டும். பரலிலிருந்து வரும் சாறு கிட்டத்தட்ட உறைநிலைக் குளிரில் இருக்கும். ஒரு வாளி ஊற்றியதும் அந்தப் பாத்திரம் செத்துப்போகும். திரும்பவும் ஆவி எழும் நேரத்தில் அதிலிருந்து நடுப் பாத்திரத்துக்கு அகப்பையால் அள்ளி, வெற்றிடத்தை நிரப்ப அடுத்த வாளியை ஊற்ற வேண்டியிருக்கும். மூன்றாம் ஆண்டு, புகைக்கூட்டை ஒட்டிச் சிறிய எவர்சில்வர் வாளியொன்றைப் பொருத்தி, அதில் சாற்றைச் சூடாக்கி, அடியில் வைத்த பீலியைத் திறந்து நூல் தடிப்பில் இடைவிடாமல் ஒழுகவிட்டேன். மணிக்கு 16 லீற்றராயிற்று. இப்போது மூன்றாவது பாத்திரத்தின் பின்னோரத்தில் குமிழிகள் வருகின்றன, நடுப்பகுதி நடுங்குகிறது. இதற்கு மேல் அது வந்ததில்லை. சதுர அடிக்கு மணிக்கு ஓர் அமெரிக்கக் கலன் என்பது தட்டையான பாத்திரங்களுக்கு இங்கு எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. என் மூன்று பாத்திரங்களுக்கும் அது 20 லீற்றருக்குச் சற்று மேல் வரும். குறையும் அந்த நான்கு லீற்றர் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு பருவமும் விறகு போடுகிறேன்.

அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஒரு லீற்றர் குளிர்ந்த சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 400 கிலோயூல் போதும். அதே அளவு நீரை முழுவதும் ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும். ஆகவே சூடேற்றும் வேலையைப் பின்பாத்திரமும், ஆவியாக்கும் வேலையை மற்ற இரண்டும் செய்கின்றன என்று பார்த்தால், மொத்த வேலையில் ஏழில் ஒரு பங்கை அது செய்துகொடுக்கிறது. ஆனால் அடுப்பின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில்தான் எனக்குக் கோபம் வந்தது.

நேரம் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று இதில் இறங்காதவர்கள் கேட்கலாம். மேப்பிள் சாற்றில் சர்க்கரை 2 வீதம் அளவில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டிக்குக் காய்ச்சும் கருப்பணியில் அது பத்து வீதத்துக்கு மேல் என்பதால், அங்கே ஒரு காலை வேலையாக முடிவது இங்கே இரவும் பகலுமாக நீள்கிறது. 86ஐச் சாற்றின் சர்க்கரை வீதத்தால் வகுத்தால் ஒரு பங்கு பாகுக்கு எத்தனை பங்கு சாறு வேண்டும் என்பது கிடைக்கும். 2 வீதத்துக்கு அது 43. என் 900 லீற்றருக்கு, மணிக்கு 16 என்ற வேகத்தில் ஐம்பத்தைந்து மணிநேரத்துக்கு மேல் அடுப்பின் முன் நிற்கிறேன். முதலாண்டின் வேகத்தில் அது நூறு மணிநேரம். ஏப்ரலில் வெயில் ஏறிய பிறகு பரலில் காத்திருக்கும் சாறு கெடத் தொடங்கும். நுண்ணுயிர்கள் அதிலுள்ள சுக்குரோசை உடைத்துவிடுவதால், அதில் காய்ச்சும் பாகு கறுத்துப்போகும். முதலாண்டின் கடைசிப் போத்தல்கள் எல்லாம் அப்படிக் கறுத்தவைதான். மொட்டு வெடித்த பிறகு எடுத்த சாற்றின் கெட்ட வாடை அதில் இல்லை என்றாலும், மார்ச் தொடக்கத்துப் பாகின் பொன்னிறமும் மென்மையும் அதில் இல்லை.

இந்த நாட்டில் மேப்பிளை முதலில் காய்ச்சிய முதற்குடி மக்கள், இரவில் உறைந்த பனிக்கட்டியைச் சாற்றிலிருந்து எடுத்து எறிந்தார்கள். பனிக்கட்டியாக உறைவது பெரும்பாலும் நீர்தான், இனிப்பு அடியில் தங்கிவிடும். நானும் காலையில் வாளிகளிலிருந்து பனிக்கட்டியை எடுத்துவிட்டுத்தான் சேகரிக்கிறேன். ஒரு துண்டு விறகும் செலவில்லாமல் கிடைக்கும் இந்த உதவியை அடுப்பில் நான் செய்த எந்தத் திருத்தத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.

முன்பாத்திரத்தைப் பற்றி மனம் நிறைந்து எழுதலாம். அதில் பாகு முடியும் கட்டம் வரும்போது குமிழிகள் சிறுத்து, பொன்னிறமாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாத்திரத்தின் விளிம்பைத் தேடும். ஒரு கடலையளவு வெண்ணெய் போட்டால் உடனே அடங்கும். அகப்பையைத் தூக்கிப் பிடித்தால், அதுவரை துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது, விளிம்பில் இரண்டு மூன்று துளிகள் ஒன்றுகூடித் திரைபோல இறங்கும். அதுதான் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் அன்றைய காற்றழுத்தத்தில் நீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கு மேல் 4 பாகை செல்சியஸ் வரை காத்திருக்க வேண்டும். 104 என்ற எண்ணை மட்டும் நம்பினால் மழைக்குணமான நாளில் பாகு கெட்டியாகிவிடும். நான் கடைசியில், பாகின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் சூடான பாகுக்கென்று குறித்த கோட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, கம்பளி வடிகட்டியில் சூடாகவே வடிக்கிறேன். வடிகட்டியின் அடியில் சர்க்கரை மணல் எனப்படும் சாம்பல் நிறப் படிவு தங்கும். இந்தக் கட்டத்தில் அந்த அடுப்பு எனக்குக் கொடுக்கும் கட்டுப்பாடு, மணிக்கட்டுத் தடிப்பு விறகு இரண்டைக் கூட்டியோ குறைத்தோ தீயை நினைத்த அளவில் நிறுத்தும் வசதி, எந்த எரிவாயு அடுப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கடையில் விற்கும் சிறிய அடுப்பையும் போய்ப் பார்த்தேன். ஒரே பெரிய பாத்திரம், உள்ளே தடுப்புகள். சாறு ஒரு முனையில் தானாக நுழைந்து, தடுப்புகளைச் சுற்றி வளைந்து, இனிப்பு ஏறியபடி மறுமுனைக்கு வருகிறது. அகப்பையால் அள்ள வேண்டியதில்லை. மிதவை சாற்றின் மட்டத்தைக் காக்கிறது. மூன்று தனிப் பாத்திரங்களில் நான் ஐந்து ஆண்டுகள் கையால் செய்ததை அந்தத் தடுப்புகள் சத்தமில்லாமல் செய்கின்றன. கடைக்காரர் விலையைச் சொன்னபோது அது அதிகமாகவும் தோன்றவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: கட்ட வேண்டாம். பதினெட்டு மரங்களுக்கு, வேலைக்குப் போகிற ஒருவருக்கு, அந்த இரவுகள் மிகையான விலை. பழைய அடுப்பு ஒன்று மலிவாகக் கிடைத்தாலும், பாத்திரத்தின் மூட்டுகளில் ஈயப் பற்று இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். கட்டியே தீருவேன் என்றால், மூன்று பாத்திரங்கள் வாங்காமல், தடுப்பு வைத்த ஒரே பாத்திரத்தை எவர்சில்வரில் ஒட்டித் தரக்கூடியவரிடம் செய்வித்துக்கொள்ளட்டும். தரையை முதல் நாளிலேயே சரிவாக உயர்த்தட்டும்.

என் அடுப்பை நான் விற்கப் போவதும் இல்லை, இடிக்கப் போவதும் இல்லை. புதிய கற்களின் சாந்து காய்ந்துவிட்டது, விறகு கூரைக்குக் கீழே அடுக்கியிருக்கிறது. இந்த முறை மூன்றாவது பாத்திரத்தின் அடியில் தரையை இன்னும் ஒரு சென்ரிமீற்றர் உயர்த்திப் பார்க்கிறேன்.