ஒரே ஆண்டில் பாரிஸில் ஏலம் போன இரண்டு மோனா லிசா பிரதிகள்

2021ஆம் ஆண்டில் மோனா லிசாவின் பழைய பிரதிகள் இரண்டு, சில மாத இடைவெளியில் பாரிஸ் நகரில் ஏலத்துக்கு வந்தன. ஜூன் மாதம் கிறிஸ்டீஸ் நிறுவனம் விற்றது 'ஹெக்கிங் மோனா லிசா' என்று அழைக்கப்படும் பிரதி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தான் துணியில் தீட்டப்பட்டதாகக் கருதப்படும் அதற்கு 2 முதல் 3 லட்சம் யூரோ வரை விலை மதிப்பிட்டிருந்தார்கள், ஆனால் அது 29 லட்சம் யூரோவுக்குப் போனது. நவம்பரில் ஆர்ட்கூரியல் நிறுவனம் விற்ற, 1600ஆம் ஆண்டையொட்டியது என்று குறிக்கப்பட்ட மற்றொரு பிரதிக்கு மதிப்பீடு 1.5 முதல் 2 லட்சம், கிடைத்தது 2.1 லட்சம். இரண்டும் மூலத்தைத் தீட்டிய லியோனார்டோ டா வின்சியின் கை படாதவை என்பதில் எந்த ஏல நிறுவனத்துக்கும் ஐயம் இல்லை. வயதிலும் பெரிய வேறுபாடு இல்லாத இரண்டு பிரதிகளுக்கு இடையே விலை மட்டும் ஏறத்தாழ 14 மடங்கு விலகி நிற்கிறதென்றால், பழைய பிரதி ஒன்றை வாங்க நினைப்பவர் காரணத்தைப் படத்துக்கு வெளியேதான் முதலில் தேட வேண்டியிருக்கிறது.

ஹெக்கிங் பிரதியின் பலமே அதன் வரலாறுதான். ரேமோன் ஹெக்கிங் என்பவர் அதை 1950களில் தென் பிரான்சில் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் அற்ப விலைக்கு வாங்கினார். 1911இல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய்ப் பின்னர் மீட்கப்பட்ட மோனா லிசா, திருடுபோன அதே படம்தானா என்று 1960களில் அவர் பகிரங்கமாகக் கேட்கத் தொடங்கினார். உண்மையான மூலம் தம்மிடம் இருப்பதாகவும் வாதாடினார். 1963இல் லூவ்ர் படம் அமெரிக்காவுக்குக் காட்சிக்குச் சென்றிருந்த காலம் என்பதால் பத்திரிகைகளும் அந்த வாதத்தை விரும்பியே வெளியிட்டன. வாதம் என்னவோ நிற்கக்கூடியதல்ல. மூலம் பாப்லர் மரப் பலகையில் தீட்டப்பட்டது. அதன் மேல்விளிம்பிலிருந்து தலைமுடி வரை இறங்கும் விரிசலும், பலகையின் பின்புறத்தில் அதைச் செப்பனிட்ட தடயமும் எந்தப் பிரதியிலும் உருவாகிவிட முடியாத அடையாளங்கள். ஆனாலும் தோற்றுப்போன வாதம் ஏலத்தில் வென்றது என்றே சொல்ல வேண்டும்: 29 லட்சம் கொடுத்தவர் படத்தோடு அறுபதுகளின் செய்தித்தாள் கத்தரிப்புகளையும் சேர்த்து வாங்கியது போலத்தான்.

வரலாறு மட்டுமே விலையை ஏற்றுகிறது என்று இங்கே முடிவு கட்டிவிடவும் முடியாது. 2019இல் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் விற்ற 17ஆம் நூற்றாண்டுப் பிரதிக்கு, இத்தகைய பரபரப்பு எதுவும் இல்லாமலேயே, 80 ஆயிரம் முதல் 1.2 லட்சம் டாலர் என்ற மதிப்பீட்டைத் தாண்டி ஏறத்தாழ 17 லட்சம் டாலர் கிடைத்தது. விட்டுக்கொடுக்காத இருவர் ஒரே அரங்கில் அமைந்துவிட்டால் போதும், மதிப்பீடு வெறும் அச்சிட்ட எண்ணாகிவிடும். ஆகவே உச்ச விலைகளை வைத்து ஒரு பிரதியின் 'சந்தை விலை' இதுதான் என்று கணக்குப் போடுவது ஆபத்து. என் பார்வையில் நவம்பரில் கிடைத்த 2.1 லட்சமே இந்த வகைப் படத்தின் நிதானமான விலைக்கு நெருக்கமானது.

படத்தையே பார்த்து ஒப்பிட விரும்புகிறவருக்கு நல்ல அளவுகோல் மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்குள்ள பிரதி வால்நட் பலகையில் தீட்டப்பட்டது. பின்னாளில் யாரோ பூசிய கறுப்புப் பின்னணியை நீக்கி 2012இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது, அகச்சிவப்பு ஆய்வில் ஒரு செய்தி தெரிந்தது: லியோனார்டோ தம் படத்தில் வரைந்து வரைந்து மாற்றிய கோடுகள் அந்தப் பிரதியின் அடியிலும் மாற்றப்பட்டிருந்தன. அதாவது, லியோனார்டோ தீட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர் பட்டறையில் ஒருவர் உடன் தீட்டியிருக்கிறார். மூலத்தில் மஞ்சளித்த வார்னிஷுக்கடியில் மங்கிப்போன தோள் துகிலும் சட்டைக் கையின் சிவப்பும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. நூறு ஆண்டு கழித்து முடிந்த படத்தை மட்டும் பார்த்துத் தீட்டியவருக்கு இந்த அடிக்கோடுகள் தெரிய வழியில்லை. ஹெக்கிங் பிரதிக்கும் நவம்பர் பிரதிக்கும் இந்த இடத்தில் ஒரே மதிப்பெண்தான். பழைய பிரதிகள் பெரும்பாலும் தோற்கும் இடம் உதட்டோரம். லியோனார்டோ அங்கே கோடு என்று எதையும் விடாமல் நிழலை நிழலில் கரைத்திருக்கிறார். பிரதி எடுப்பவரின் கை பழக்கதோஷத்தால் ஒரு விளிம்பை இழுத்துவிடுகிறது, உடனே அந்த முகம் சிரிக்க முயல்கிற முகமாகிவிடுகிறது. ஏலப் பட்டியலின் முழுப்படத்தை விட்டுவிட்டு, அந்த இரண்டு அங்குலத்தின் பெரிதாக்கிய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

காலத்தை உறுதிசெய்யும் வேலையை நிறமிகளிடம் விடலாம். பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது. டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. '1600' என்று விற்கப்படும் படத்தின் அசல் அடுக்கில் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பேச்சு முடிந்தது. பின்னாளில் செப்பனிட்ட இடத்தில் மட்டும் இருந்தால் அது குற்றமல்ல, விலையைக் குறைத்துக் கேட்க ஒரு காரணம்.

பழைய பிரதியைத் தேடாமல், இன்றைய பிரதி ஓவியர் ஒருவரிடம் புதிதாகத் தீட்டி வாங்குவதும் உண்டு. லூவ்ரில் அனுமதி பெற்றுப் பிரதி எடுப்பவர்கள் மூலத்தின் அளவிலேயே தீட்டக் கூடாது, கையொப்பத்தை நகலெடுக்கக் கூடாது என்ற விதிகள் இருப்பதால் அங்கே எடுத்த பிரதியை மூலம் என்று நம்பி ஏமாறுவதற்கு இடம் குறைவு. சுவரில் மாட்டி ரசிப்பது மட்டுமே நோக்கமென்றால் இதுவே போதும். பழைய பிரதிக்கு லட்சங்கள் கொடுப்பது, மூலத்தை நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கான சாட்சியத்தை விரும்புகிறவருக்குத்தான் பொருந்தும். அந்த விருப்பம் உள்ளவருக்கு நான் நவம்பர் பிரதியின் விலையையே பரிந்துரைப்பேன், அதுவும் நிறமி ஆய்வறிக்கை கைக்கு வந்த பிறகு.