காவலூருக்குப் போவதா, ஹான்லேயைத் தொலைவிலிருந்து இயக்குவதா?

தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் ஆய்வு மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டின் காவலூர், லடாக்கின் ஹான்லே ஆகிய இரண்டு வான்நோக்கு நிலையங்களுமே இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவை.

கண்ணாடியின் விட்டம்: காவலூரின் வைணு பாப்பு தொலைநோக்கி 2.34 மீட்டர், ஹான்லேயின் இமாலய சந்திரா 2 மீட்டர். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பயணம்: காவலூருக்கு வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏற வேண்டும். ஹான்லே லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் குளிரில் இருக்கிறது. அங்கே போக வேண்டியதில்லை. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அமர்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியே தொலைநோக்கியைத் திருப்பலாம். எடுத்த படம் உங்கள் திரைக்கே வந்துவிடும்.

வானம்: பருவமழை மாதங்களில் காவலூரை நம்ப முடியாது. ஹான்லேயின் வறண்ட காற்று அகச்சிவப்பு ஆய்வுக்குப் பெரும் வரம். ஆனால் தென்வானம் காவலூருக்கே சொந்தம்: ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து அங்கே 30 பாகை உயரம் வரை ஏறும், ஹான்லேயில் 10 பாகையைத் தாண்டாது.

கற்றல்: இங்கே காவலூர்தான் மேல் என்று அடித்துச் சொல்வேன். குவிமாடம் திறக்கும் ஓசையும் கண்ணாடியில் பனி படியும் அபாயமும் திரையில் தெரியாது.

மங்கலான சூப்பர்நோவாவை, அதாவது வெடித்த விண்மீனை, தொடர்பவர்கள் ஹான்லேயைக் கேளுங்கள். பிரகாசமான விண்மீனின் நுண்ணிய நிறமாலை வேண்டுவோரும், முதன்முறை நோக்குவோரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இரவுகளுக்குக் காவலூரில் நேரம் கேட்டு விண்ணப்பியுங்கள்.