கட்பீஸா, மீற்றர் துணியா?

திருகோணமலைக் கடைகளில் கிலோக் கணக்கில் கட்பீஸ் (வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி) அள்ளுவதா, பருத்தியை மீற்றரில் வெட்டுவிப்பதா?

விலை: கட்பீஸ் மலிவுதான், பாதி வீணானால் அந்த மலிவும் போச்சு. மீற்றர் துணியில் கணக்கு நேர். 45 அங்குல அகலத்தில் அரை மீற்றருக்கு 16 அங்குலக் குஷன் உறை ஒன்று: முன்பக்கம் 17 அங்குலச் சதுரம், பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி 17க்கு 12 ஆக இரண்டு துண்டு.

தையல்: கட்பீஸில் ரீசேட் துணியும் கலந்திருக்கும். இழுபடும், சாதாரண ஊசி தையலைத் தவறவிடும். உருண்டை முனை ஊசி போடுங்கள். ஓர் இழையைக் கொளுத்தினால் உருகிக் கட்டிபடுகிறதா? பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. சட்டி பிடிக்க ஆகாது.

சுருக்கம்: புதுப் பருத்தியை நனைத்துக் காயவிட்டே வெட்டுங்கள். கச்சான் காற்றில் (வறண்ட மேல்காற்று) சட்டென்று காயும்.

பொம்மை, கால்மிதி, ஒட்டுத்தையலுக்குக் கட்பீஸ். ஒரே நிறத்தில் நாலு உறை வேண்டுமென்றால் மீற்றர் துணிதான்.